பகல் வெயிலும் பம்புசெட்டும்



சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் விவசாயம் ஆழ்துளைக் கிணறுகளை நம்பியுள்ளது. மோட்டார் நின்றால் நிலக்கடலை கருகும். விவசாயிக்குத் தேவை பகல் மின்சாரம். சூரிய ஒளி தருவதும் அதுவே. இவ்விரண்டையும் இணைப்பதிலிருந்தே ஆந்திராவின் தூய மின்சாரத் திட்டம் தொடங்க வேண்டும்.

நடந்தது என்ன? விவசாய மின்சாரத்தின் பெயரால் மாநில அரசு 2021 டிசம்பரில் 7,000 மெகாவாட் சூரிய மின்சாரத்தை யூனிட் ரூ.2.49க்கு வாங்க ஒப்பந்தமிட்டது. வெயில் காயும் ராயலசீமைக்கு ராஜஸ்தானிலிருந்து மின்சாரம்! இதன் பின்னணியில் லஞ்சம் இருந்ததாக 2024 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை குற்றஞ்சாட்டியது. அதானி குழுமம் மறுத்தது.

2024ஆம் ஆண்டுக் கொள்கை ரூ.10 லட்சம் கோடி முதலீட்டை எதிர்பார்க்கிறது. அது யாருடைய நிலத்தில் இறங்கும்? யாருடைய கட்டணத்தில் திரும்பும்?

திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு மின் விநியோக நிறுவனம் அரசுடைமை. அதன் துணைமின் நிலையங்களை ஒட்டிப் பொதுத்துறையே சூரிய மின் நிலையங்களை நிறுவட்டும். குப்பம் ஊரக மின் கூட்டுறவுச் சங்கத்தின் அனுபவமும் இம்மண்ணில் உண்டு. ஒப்பந்தங்கள் மக்கள் அறியக் கையெழுத்தாகட்டும். விவசாயியின் நிலம் பறிக்கப்படக் கூடாது.

மின்கட்டண உயர்வை எதிர்த்து 2000 ஆகஸ்ட் 28 அன்று ஹைதராபாத் பஷீர்பாக்கில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான தியாகிகள் உணர்த்தியது இதுதான்: மின்சாரம் சரக்கல்ல, மக்களின் உரிமை. தூய மின்சாரத்துக்கும் அதுவே நியதி.