முதுமை பாதி, முடக்கம் பாதி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய ஆய்வு, காரைக்கால் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 26.3 பேருக்கு நீரிழிவு உண்டு என்று கணக்கிட்டது. நாட்டின் சராசரியான 11.4ஐவிட இரு மடங்குக்கும் மேலான இந்த அளவைக் குறித்துப் பேசுவோர் சோற்றையும் இனிப்பையும் குறை கூறுகின்றனர். உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலந்தபின் அதை வாங்கிக்கொள்ளும் தசையைப் பற்றிய பேச்சோ மிகக் குறைவு.

இன்சுலின் சுரந்திருக்கும் வேளையில் இரத்தத்திலிருந்து உடல் எடுத்துக்கொள்ளும் குளுக்கோஸில் பெரும்பங்கு, எலும்போடு இணைந்த தசைகளுக்கே போய்ச் சேருகிறது. தசை நாருக்குள் ஒதுங்கியிருக்கும் கடத்திப் புரதங்கள், இன்சுலின் வந்ததும் நாரின் மேற்பரப்பை அடைந்து குளுக்கோஸை உள்ளே சேர்க்கின்றன. இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடலிலும், தசை சுருங்கி இயங்கும் செயலே அப்புரதங்களை மேற்பரப்புக்குக் கொண்டுவந்துவிடும் என்பது இத்துறையின் மிக அருமையான கண்டுபிடிப்புகளுள் ஒன்று. நாள் முழுதும் நாற்காலியில் இருப்பவருக்கு அந்த வழி பயன்படாமல் போவதோடு, சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து ஆற்றலாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளும் தசையில் குறைந்து, இன்சுலினுக்குத் தசை இணங்குவதும் மந்தமாகிறது.

வயது ஏற ஏற, விரைந்து விசையோடு இயங்கும் தசை நார்கள் நரம்புத் தொடர்பை இழந்து மெலிகின்றன. உண்ட புரதத்தைத் தசையாக மாற்றும் வேகமும் தளர்கிறது. சார்க்கோபீனியா எனப்படும் இத்தசைநலிவை முழுதாகத் தடுக்க இயலாது. ஆயினும் மூப்பின் கணக்கில் எழுதப்படுவதில் கணிசமான பகுதி முடக்கத்தின் கணக்கைச் சேர்ந்தது. அமெரிக்காவின் டாலஸ் நகரில் 1966ஆம் ஆண்டில் ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையில் கிடந்தபோது அவர்களுடைய உழைப்புத் திறனில் ஏற்பட்ட வீழ்ச்சி, அதே ஐவருக்கும் பின்வந்த முப்பது ஆண்டு மூப்பு விளைவித்த வீழ்ச்சியைவிட மிகுதியாக இருந்தது. நலமாயிருந்த முதியோரைப் பத்தே நாள் படுக்கையில் இருத்திப் பார்த்த வேறோர் ஆய்வில், அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசைத்திசு கரைந்திருந்தது.

காரைக்கால் பகுதியின் பட்டினச்சேரியிலும் கிளிஞ்சல்மேட்டிலும் வலை இழுத்த கைகளும், திருநள்ளாற்று வயல்களில் குனிந்து நாற்று நட்ட இடுப்பும், வேறு பயிற்சி எதுவும் வேண்டாமலே இத்தசையைக் காத்துவந்தன. அறுபதைக் கடந்ததும், “உழைச்சது போதும்ப்பா, உக்காருங்க” என்று பிள்ளைகள் அன்போடு சொல்லும் சொல்லும், காய்ச்சல் தணிந்த பிறகும் பல நாள் நீளும் படுக்கையும், அந்தக் காவலைத் திடீரென்று நிறுத்திவிடுகின்றன. அந்த அன்பு மெய்யானது. அதன் விளைவோ தீங்கானது.

இழந்ததை மீட்க முதுமை தடையன்று. பாஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதை ஒட்டியவர்கள் எட்டு வாரம் எடை தூக்கிப் பயின்றபோது, அவர்களுடைய கால் தசையின் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியதென 1990ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பயிற்சியோடு புரதமும் வேண்டும். கடற்கரை ஊராகிய காரைக்காலில் மத்தியும் சங்கராவும் கிடைக்கின்றன, மீன் உண்ணாதோருக்குப் பருப்பும் தயிரும் உள்ளன. சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால், தசைநலிவு இருக்கக்கூடும் என்று ஆசிய வல்லுநர் குழு 2019ஆம் ஆண்டில் வரையறுத்தது. விழுந்துவிடாதபடி அருகில் ஒருவர் நிற்க, வீட்டிலுள்ள பெரியவர்களை இச்சோதனையைச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் மருத்துவமனையில் சேர நேர்ந்தால், எந்த நாளில் எழுந்து உட்காரலாம், எந்த நாளில் நடக்கலாம் என்பதை மருத்துவரிடம் முதல் நாளே கேளுங்கள்.