நேர்காணலுக்குப் போகும் நேரம்

(மைசூருவில் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நஞ்சன்கூடு, ஹெப்பாள் தொழிற்பேட்டைகளில் ஒப்பந்தம் முடியும் தறுவாயிலுள்ள இளைஞர்கள், கன்னடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதித் தரக் கேட்டு என்னிடம் வருவதுண்டு. போவது நேர்காணலுக்கு, ஆனால், ‘காய்ச்சல் என்றே எழுதுங்கள், தோழர்’ என்பார்கள். உண்மையைச் சொன்னால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் வாய்ப்பும் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள்.

பணிநீக்க அறிவிப்புக் காலத்தில், ஊதிய இழப்பின்றி வேலை தேட நேரம் தரவேண்டும் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டுப் பரிந்துரை 166. இங்கோ, ஈராண்டு கழித்து, 1984இல், தொழில் தகராறு சட்டத்தில் 2(ஓஓ)(பிபி) என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் வேலை இழப்பது ஆட்குறைப்பு ஆகாது என்று அது கூறியது. எனவே ஆட்குறைப்புக்குரிய முன்னறிவிப்பும் இல்லை, இழப்பீடும் இல்லை. 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பும் இவ்விலக்கைத் தொடர்கிறது. அறிவிப்புக் காலமே இல்லாதவருக்கு அதில் நேரம் எங்கிருந்து கிடைக்கும்?

நிரந்தரத் தன்மையுள்ள வேலைக்கு நிரந்தரப் பணி என்பதே நமது முதற்கோரிக்கை. அது வெல்லும்வரை, ஒப்பந்தத்தின் கடைசி மாதத்தில் ஊதியத்துடன் கூடிய நேர்காணல் விடுப்பையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம். ஒப்பந்தத் தொழிலாளி தனித்துக் கேட்டால் அடையாளம் காணப்படுவார். ஆகவே, நிரந்தரத் தொழிலாளர்களாகிய நாமே சங்கத்தின் பெயரால் இதைக் கேட்கவேண்டும்.