கணக்குக் கொடுக்கப்போவது நீங்கள்

இன்று பட்டம் பெற்று ஊழியத்துக்குப் போகும் அருமைத் தம்பிகளே, தங்கைகளே,

நம் கல்லூரிக்குப் பக்கத்துப் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. இந்தப் பக்கம் ஆவடி டாங்க் தொழிற்சாலை, அந்தப் பக்கம் அம்பத்தூர் எஸ்டேட். இந்த வட்டாரத்தில் ஊழியத்துக்குப் போகிறவர்களின் சபையில் ஐடி வேலைக்காரரும் இருப்பார், நைட் ஷிப்ட் முடித்து நேராக ஆராதனைக்கு வருகிறவரும் இருப்பார். எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. திருமணம் கைகூடவில்லை, கடன் கழுத்தை நெரிக்கிறது, செய்த பாவத்துக்கு மன்னிப்பு உண்டா என்ற கேள்விகளை இப்போது பலர் உங்களிடம் வருவதற்கு முன்பே சாட்பாட்டிடம் கேட்டுவிடுகிறார்கள். ஆகவே அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

புதுக் கருவியைக் கண்டு பயப்படுவது நம் தமிழ்த் திருச்சபையின் வழக்கமே இல்லை. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்க், அச்சு இயந்திரத்துக்காக ஐரோப்பாவுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். இயந்திரம் வந்தது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளும் வந்தன. அந்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. பக்கத்துப் பொறையாற்றிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள்.

அதோடு வேலை முடிந்துவிட்டதென்று தரங்கம்பாடி மிஷன் நினைக்கவில்லை. 1733 டிசம்பர் 28 அன்று கடலூர்க்காரரான ஆரோன் என்ற தமிழருக்குக் குருப்பட்டம் கொடுத்தது. புத்தகம் போய்ச் சேர்ந்த கிராமத்திலும் ஞானஸ்நானம் கொடுக்க, நோயாளியின் பக்கத்தில் உட்கார, இறந்தவரை அடக்கம் பண்ண ஒரு ஆள் வேண்டியிருந்தது. அச்சகம் வந்து இருபது வருடம் ஆன பிறகும் அந்தத் தேவை குறையவில்லை. ஆரோன் மாயவரம் பக்கத்துக் கிராமங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

இன்றைய சாட்பாட்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒடிசா தம்பிகளுக்கு ஜெபக்கூட்ட அறிவிப்பை ஒடியாவில் எழுத வேண்டுமா, அதைக் கேளுங்கள். எழுதியதை ஒடியா தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு ஒட்டுங்கள். கண் மங்கிய பாட்டிக்கு வேதபாடத்தைச் சிறு பகுதிகளாக்கிச் சத்தமாக வாசிக்கச் செய்யுங்கள். ஓய்வுநாள் பள்ளிக்கு வினாடி வினா தயாரியுங்கள். இதிலெல்லாம் மிச்சமாகும் நேரம் பெரிய வரம்.

பிரசங்கத்துக்கு வசனம் கேட்கும்போது மட்டும் வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த இயந்திரம் அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கணித்து வாக்கியம் கட்டுகிறது. வேதத்தில் இல்லாத ஒன்றை வேத நடையிலேயே, அதிகாரம் வசன எண்ணோடு அது தந்துவிடும். யூதா நிருபம் இரண்டாம் அதிகாரம் என்று அது சொன்னால், அந்த நிருபத்துக்கு ஒரே அதிகாரம்தான், 25 வசனங்கள்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் இங்கே படித்த கிரேக்கமும் எபிரெயமும் வீணாகப் போகவில்லை. இனிமேல்தான் அவற்றுக்கு வேலை அதிகம்.

இயந்திரத்தைக் குருவானவராகவே ஆக்கிப் பார்த்தவர்களும் உண்டு. 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் கத்தோலிக் ஆன்சர்ஸ் என்ற அமைப்பு, ஃபாதர் ஜஸ்டின் என்ற பெயரில் அங்கி போட்ட ஒரு ஏஐ குருவானவரை வெளியிட்டது. அது தன்னை உண்மையான குருவானவர் என்றே சொன்னது. ஒருவருக்குப் பாவமன்னிப்பும் வழங்கியது. கண்டனம் கிளம்பி, சில நாளிலேயே அங்கியைக் கழற்றி, பட்டத்தை நீக்கி, வெறும் ஜஸ்டின் ஆக்கினார்கள். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில், புனித பேதுரு ஆலயத்தின் பாவசங்கீர்த்தன அறையில் ஏஐ இயேசுவின் உருவத்தை இரண்டு மாதம் வைத்து ஒரு பரிசோதனை நடத்தினார்கள். பலர் போய்ப் பேசினார்கள். மனம் தொட்டது என்றவர்களும் உண்டு. ஆனால் உள்ளே போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை சொல்லப்பட்டது: சொந்த விவரங்களைச் சொல்லாதீர்கள். நடத்தியவர்கள் நேர்மையாக இருந்தார்கள், அதை நான் மதிக்கிறேன். அந்த அறையில் மனுஷன் சொல்ல வருவதே சொந்த விவரத்தைத்தான் என்பதை மட்டும் நீங்கள் யோசித்துப் பாருங்கள்.

இனி, நம்மைப் பற்றிய கடினமான பகுதிக்கு வருகிறேன். ஜனங்கள் ஏன் இயந்திரத்திடம் போகிறார்கள்? அது ராத்திரி இரண்டு மணிக்கும் விழித்திருக்கிறது. திட்டாது. அவசரப்படுத்தாது. இன்னொரு காரணம், அது யாரிடமும் போய்ச் சொல்லாது என்று நம்புகிறார்கள். தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி ஜெபிக்கக் கேட்ட ஒரு சகோதரி, அது சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஜெப விண்ணப்பமாக வந்ததைப் பார்த்தால், அடுத்த ஞாயிறு பெயர் மட்டும் மாற்றிப் பிரசங்க உதாரணமாகக் கேட்டால், மறுபடி எந்தப் போதகரிடம் வாய் திறப்பாள்? இயந்திரம் நம் ஆடுகளைத் திருடவில்லை. நாம் காவல் காக்காத வாசல் வழியாக அவை போகின்றன.

நம்பி வந்தவர் சொன்னதை ஒருபோதும், எந்தச் சாட்பாட்டிலும் தட்டச்சு செய்யாதீர்கள். நல்ல ஆலோசனை கிடைக்கும் என்ற எண்ணத்திலும் வேண்டாம், பெயரை மறைத்தும் வேண்டாம். ஆவடி மாதிரி ஊரில், இரண்டு பிள்ளைகள், கணவர் தொழிற்சாலையில், மாமியார் படுக்கையில் என்றாலே யாரென்று தெரிந்துவிடும். அது எந்த நாட்டுக் கணினியில் எத்தனை காலம் கிடக்கும் என்பது நம் கையில் இல்லை.

உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2025 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஒரு பெற்றோர், தற்கொலை செய்துகொண்ட தங்கள் 16 வயது மகன் மாதக்கணக்கில் சாட்ஜிபிடியிடம் மனம் திறந்து பேசிவந்ததைச் சொல்லி, அதை உருவாக்கிய நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். தீர்ப்பு எப்படி வந்தாலும் வரட்டும். அப்படிப்பட்ட பையன்களும் பெண்களும் உங்கள் வாலிபர் கூட்டத்திலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். சாகலாம்போல இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிடாதீர்கள். கூடவே இருங்கள், வீட்டாரை அழையுங்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

மேய்ப்பர்கள் ஆத்துமாக்களுக்காகக் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் என்று எபிரெயர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் சொல்கிறது. தவறான ஆலோசனை சொன்ன இயந்திரம் எந்தத் துக்க வீட்டுக்கும் வந்து நிற்காது. நீங்கள் நிற்க வேண்டும். அந்தக் கதவைத் தட்டும்போது கை நடுங்கும்; நடுங்கட்டும், போய் நில்லுங்கள்.

ஆகையால் தம்பி தங்கைகளே, உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். சபைப் பொறுப்பு ஏற்றதும் முதல் மாதத்துக்குள் எல்லா வீட்டையும் சந்தித்து முடியுங்கள். ராத்திரி எந்நேரமும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணைச் சபையாருக்குக் கொடுங்கள். தனியாக முடியாவிட்டால் மூப்பர்களோடு முறைவைத்து எடுங்கள். ஆலய வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையில், ஆராதனை நேரத்துக்குக் கீழே, 14416 என்று பெரிதாக எழுதி வையுங்கள்.