நாற்காலி இருக்கிறது, கணக்குக் கேட்க ஆள் வேண்டும்
(மைசூருவில் பெற்றோர், மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்முடைய கூட்டங்களில் வழக்கமாகக் கூலியைப் பற்றிப் பேசுவோம். ரேஷன் அட்டையைப் பற்றிப் பேசுவோம். குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா கிடைக்குமா என்று பேசுவோம். இன்றைக்குப் பல்கலைக்கழகக் குழுக்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "கல் சுமக்கிற நமக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் இருக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கட்டட வேலைக்கும், ஊதுவத்தி உருட்டவும், ஆலைக் கூலிக்கும் இந்த ஊருக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கல்லூரிப் படியை மிதித்திருக்கிறார்கள். பல வீடுகளில் அந்தப் பிள்ளைதான் முதல் பட்டதாரி. அந்தப் பிள்ளைக்கு உதவித்தொகை வரவில்லையென்றால், மதிப்பெண் பட்டியல் தாமதமானால், சான்றிதழைக் கொடுக்க மறுத்தால், யாரிடம் போய்ச் சொல்வது? அப்பனுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. அதனால்தான் இதைப் பேசுகிறோம்.

மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916 ஜூலை 27 அன்று தொடங்கப்பட்டது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மன்னர், விசுவேசுவரய்யா திவான். வெள்ளையர் நேரடி ஆட்சிக்கு வெளியே இந்தியாவில் எழுந்த முதல் பல்கலைக்கழகம் அது. நமக்கெல்லாம் பெருமையான செய்திதான். ஆனால் பல்கலைக்கழகத்தைக் கட்டுவது ஒன்று. அதன் நிர்வாகத்தில் படிக்கிறவனுக்குப் பங்கு கொடுப்பது வேறொன்று.

அந்த இரண்டாவது கேள்வியை 1918-இல் தென் அமெரிக்காவில் எழுப்பினார்கள். அர்ஜென்டினா நாட்டுக் கோர்தோபா பல்கலைக்கழக மாணவர்கள், ஆட்சிக் குழுக்களில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று கிளர்ந்தெழுந்தார்கள். அந்தக் கோரிக்கை கண்டம் முழுவதும் பரவியது. 1968 அக்டோபரில் பிரிட்டனின் துணைவேந்தர்கள் குழுவும் தேசிய மாணவர் சங்கமும் மாணவர் பங்கேற்பு பற்றிக் கூட்டறிக்கை வெளியிட்டன. நம் நாட்டிலும் 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, ஆசிரியரும் மாணவரும் சேர்ந்த கூட்டுக் குழுக்கள் தேவை என்று சொன்னது. ஆகவே இது யாரோ சில கலகக்காரர்களின் கோரிக்கை அல்ல.

மாணவர் சங்கம் வலுவாக இருக்கும் நாடுகளில் இதற்கென்றே ஒரு நிர்வாகி இருக்கிறார். குழுப் பிரதிநிதித்துவத்தைக் கவனிப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குழுவில் மாணவருக்கு எத்தனை இடம் என்ற பட்டியலை அவர் கையில் வைத்திருப்பார். காலியான இடத்துக்கு ஆள் அனுப்புவார். கூட்டத்துக்கு முன்பே தாள்களை வாங்கி, போகிறவர்களுக்கு விளக்கிச் சொல்வார். கூட்டம் முடிந்ததும், "நீ என்ன பேசினாய்? என்ன முடிவாயிற்று?" என்று கேட்டு, அதை மற்ற மாணவர்களுக்குத் தெரிவிப்பார். அவர் எல்லாக் குழுவிலும் உட்கார வேண்டியதில்லை. உட்காருகிறவர்கள் ஒழுங்காக உட்காருகிறார்களா என்று பார்ப்பதே அவர் வேலை.

இதன் அருமை ஆலைத் தொழிலாளிக்கு உடனே விளங்கும். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில், நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்த இடங்களில் வொர்க்ஸ் கமிட்டி அமைக்க வழியிருந்தது. அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் முதலாளி தரப்பைவிடக் குறையக்கூடாது என்றும் விதி இருந்தது. எண்ணிக்கை சரிதான். ஆனால் சங்கம் பின்னால் நின்று கேள்வி கேட்காத இடத்தில் என்ன நடக்கும்? பிரதிநிதி போவார், டீ குடிப்பார், கையெழுத்துப் போடுவார், வந்து வாய் திறக்க மாட்டார். நாற்காலி மட்டும் போதாது. நாற்காலியில் இருப்பவனிடம் கணக்குக் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

கர்நாடகத்தில் அந்த ஆள் இல்லாமல் போனதுதான் குறை. 1980-களின் கடைசியில் இங்கே மாணவர் சங்கத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதற்குப் பின் ஒரு முழுத் தலைமுறை ஓட்டுப்பெட்டியைக் காணாமலே படித்து வெளியேறியது. தேர்தலால் அடிதடி வருகிறது, கட்சிகள் நுழைகின்றன என்பது சொல்லப்பட்ட காரணம். அதில் உண்மை அறவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அடிதடிக்கு மருந்து ஒழுங்கான தேர்தல். தேர்தலையே இல்லாமல் செய்வதல்ல. லிங்டோ குழு அதைத்தான் சொன்னது. அதன் பரிந்துரைகளை 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சூழ்நிலை சரியில்லாத இடத்தில் நியமன முறை இருக்கலாம். ஆனால் 5 ஆண்டுக்குள் தேர்தல் முறைக்கு வந்துவிட வேண்டும் என்றது அந்தக் குழு. நியமிப்பதானாலும் வெறும் மதிப்பெண்ணை மட்டும் வைத்து நியமிக்காதீர்கள் என்றும் சொன்னது.

இந்தக் கடைசி வார்த்தை நம் பிள்ளைகளுக்காகவே சொன்னது போலிருக்கிறது. மாலையில் கடையில் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து படிக்கிறவன் வகுப்பில் முதல் மாணவனாக வருவது அரிது. ஆனால் உதவித்தொகை தாமதமானால் என்ன ஆகும் என்பது முதல் மாணவனைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தேர்தல் இல்லையென்றால் இடமே இல்லையா? இருக்கிறது. இதைக் கவனமாகக் கேளுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு மட்டுமல்ல, கல்லூரிக்கும் இது பொருந்தும். உதவித்தொகைத் தாமதம், சான்றிதழை நிறுத்தி வைத்தல், கட்டணத்தைத் திருப்பித் தராமை, சாதிப் பாகுபாடு எல்லாம் அதன் முன் வரலாம். புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். தீர்வு பிடிக்காவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் குழுவில் ஒரு மாணவரும் உண்டு. ஆனால் அவர் நியமனம் பெற்றவர். சிறப்பு அழைப்பாளர் மட்டுமே. அவர் வராவிட்டாலும் கூட்டம் நடக்கும், ஏனென்றால் குறைந்தபட்ச வருகைக் கணக்கில் அவர் சேரமாட்டார்.

இனி மற்றொன்று. பாலியல் தொல்லை பற்றிய 2015-ஆம் ஆண்டு விதிகள். மாணவர் சம்பந்தப்பட்ட வழக்கானால், விசாரிக்கும் உள்ளகக் குழுவில் 3 மாணவர்கள் இருக்க வேண்டும். இளங்கலையில் ஒருவர், முதுகலையில் ஒருவர், ஆராய்ச்சியில் ஒருவர். அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. சங்கத் தேர்தல் இல்லை என்று சொல்லி இந்தத் தேர்தலைத் தவிர்க்க முடியாது. ஒரே மானியக் குழு ஓரிடத்தில் தேர்ந்தெடு என்கிறது, ஓரிடத்தில் நியமி என்கிறது. தேர்ந்தெடுப்பது முடியும் என்பதற்கு அதன் விதியே சாட்சி.

மூன்றாவது, ராகிங் தடுப்புக்கான 2009-ஆம் ஆண்டு விதிகள். அந்தக் குழுவில் புதிய மாணவர், மூத்த மாணவர் இருவர் தரப்பும் வேண்டும். தாய்மார்களே, பெற்றோர் தரப்பும் வேண்டும்! அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் நம்மில் ஒருவருக்கும் தெரியாது. பீடி சுற்றுகிற தாய் அங்கே உட்காரக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

ஓர் அச்சத்தையும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். "நாம் பிழைக்க வந்தவர்கள், பிள்ளை தலையை நீட்டக் கூடாது" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. 1991 டிசம்பரில் காவிரியை ஒட்டி நடந்த கலவரத்தைக் கண்ட பெரியவர்கள் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. அந்தப் பயத்தை நாம் கேலி செய்யவில்லை. ஆனால் உதவித்தொகைத் தாமதத்துக்கு மொழி கிடையாது. மண்டியாவிலிருந்து வந்த விவசாயி மகனுக்கும், தருமபுரியிலிருந்து வந்த கொத்தனார் மகளுக்கும் அது ஒரே பசிதான். நம் பிள்ளைகள் கன்னடத்தை நன்றாகப் படிக்கட்டும். கன்னடத் தோழர்களோடு சேர்ந்தே மனு எழுதட்டும். தமிழன் இடம் என்று கேட்க வேண்டாம். மாணவன் இடம் என்று கேட்போம்.

செய்ய வேண்டியது என்ன? முதலில், கல்லூரி திறந்த மாதத்திலேயே இந்த மூன்று குழுக்களின் உறுப்பினர் பட்டியலை முதல்வரிடம் எழுதிக் கேளுங்கள். அரசுக் கல்லூரியானால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 30 நாளில் பதில் தர வேண்டும். அடுத்து, பெற்றோர் இடத்துக்கு நம்மவர் பெயரை எழுதிக் கொடுங்கள். மூன்றாவதாக, தேர்தல் வரும்வரை காத்திராமல், நம் சங்கத்தில் மூத்த மாணவர் ஒருவரையாவது இந்த வேலைக்கு நியமிப்போம். எந்தக் கல்லூரி, எந்தக் குழு, யார் உறுப்பினர், எப்போது கூடியது, என்ன முடிவு என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். மாதந்தோறும் இதே கூட்டத்தில் அதைப் படிக்கட்டும். புகார் கொடுத்த பிள்ளையின் பெயரை மட்டும் எழுத வேண்டாம். அந்த இரகசியத்தைக் காக்க வேண்டியது நம் கடமை.

பதவி இல்லாவிட்டாலும் அந்தப் பதவியின் வேலையை இன்றே தொடங்கலாம். நோட்டு ஒன்று வாங்க ஆகும் செலவுதான். அந்த வேலைக்கு வரச் சம்மதிக்கும் மாணவத் தோழர்கள், பெண்கள் முதலில், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறோம்.