குரல் மாறலாம், மெட்டு மாறலாமா?

(தலைப்பு: பாட்டு நெஞ்சில் நிலைப்பது குரலாலா, மெட்டாலா? "மெட்டாலே!" என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய தங்கை, "எஸ்.பி.பி. போயிட்டாரு, பாட்டே போச்சு"ன்னு சொல்லி எல்லாரையும் கண்கலங்க வச்சிட்டாங்க. 2020 செப்டம்பர் 25ஆம் நாள் அவர் மறைந்தபோது கலங்காத வீடு தமிழ்நாட்டில் உண்டா? நான் மறுக்கவில்லை. ஆனால் நடுவர் அவர்களே, ஒரே ஒரு கேள்வி. கோயில் கொடைக்கு இன்னிசைக் கச்சேரி வைக்கிறோம். பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன் மைக்கைப் பிடித்து எஸ்.பி.பி. பாட்டைப் பாடுகிறான். கூட்டம் எழுந்து போகிறதா? விசிலடிக்கிறது! குரல் அந்தப் பையன் குரல். அப்போ விசில் எதுக்குய்யா? மெட்டுக்கு! (கைத்தட்டல்)

பக்கத்தில் இருக்கிறது கோவில்பட்டி. அங்கே வாழ்ந்த நாதசுர மேதை காருகுறிச்சி அருணாசலம். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில், ஜானகி அம்மா குரலோடு அவர் நாயனம் போட்டி போட்டுக்கொண்டு வருமே, நினைவிருக்கிறதா? குரல் வார்த்தை சொல்லுது. நாயனம் என்ன வார்த்தை சொல்லுச்சு? ஒரு வார்த்தையும் இல்லை. ஆனாலும் சொக்கிப் போய்க் கேட்டோமே, எதனால்? அங்கே பேசியது மெட்டு!

1976. 'அன்னக்கிளி' வருகிறது. பண்ணைப்புரத்து இளையராஜாவின் முதல் படம். அந்தப் படத்தின் தலைப்புப் பாட்டை ஜானகி அம்மாவும் பாடினார், டி.எம்.எஸ். ஐயாவும் பாடினார். ஒரே மெட்டு, ஒன்று பெண் குரல், ஒன்று ஆண் குரல். ஒன்று ஏக்கம், ஒன்று சோகம். குரல்தான் பாட்டு என்றால், இரண்டில் ஒன்றையாவது நாம் தள்ளியிருக்க வேண்டாமா? இரண்டையும் அல்லவா மடியில் கட்டிக்கொண்டோம்!

அடுத்த ஆண்டு, 1977, '16 வயதினிலே'. அதில் பாட வேண்டியவர் எஸ்.பி.பி. அவருக்குத் தொண்டை சரியில்லை. வாய்ப்பு யாருக்குப் போனது? அப்போது அவ்வளவாகப் பெயர் தெரியாத மலேசியா வாசுதேவனுக்கு. ஆட்டுக்குட்டியை வைத்து அவர் பாடிய பாட்டு பட்டி தொட்டியெல்லாம் முட்டியது. ஒருவருக்குத் தொண்டை கட்டியது. இன்னொருவருக்குத் தொண்டை திறந்தது! (சிரிப்பு, கைத்தட்டல்)

அப்புறம் பாருங்கள். 1984இல் 'வைதேகி காத்திருந்தாள்' படத்துக்கு ஜெயச்சந்திரன். 1985இல் 'சிந்து பைரவி'க்கு சித்ரா. அந்தப் பாட்டு அவருக்குத் தேசிய விருதே வாங்கிக் கொடுத்தது. 1991இல் 'சின்னத்தம்பி'க்கு சுவர்ணலதா. ஒவ்வொரு புதுக் குரல் வரும்போதும் நம்ம ரசிகன் முணுமுணுப்பான், "என்ன இருந்தாலும் பழைய குரல் மாதிரி வருமா?" மூணே மாசத்தில் அவனே அந்தப் பாட்டைக் குளியலறையில் பாடுவான்!

இந்த முணுமுணுப்பு நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. இங்கேயிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகளைக் கேளுங்கள், 'ஹெவி மெட்டல்' என்பார்கள். நம்ம பாட்டி, "ஏலே, ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் குடுக்கிறவனா?" என்பாள். (பலத்த சிரிப்பு) இல்லை பாட்டி, அதுவும் பாட்டுத்தான். மெட்டலுக்குள்ளேயும் ஒரு மெட்டு இருக்கு!

லண்டனில் 1975இல் ஸ்டீவ் ஹாரிஸ் என்பவர் 'அயர்ன் மெய்டன்' என்று ஒரு குழு தொடங்கினார். அவர் பாடகர் அல்ல. பேஸ் கிதார் வாசிப்பவர், பாட்டுக் கட்டுபவர். 1980, 81இல் வந்த முதல் இரண்டு ஆல்பங்களில் பாடியவர் பால் டியானோ. 1982இல் புரூஸ் டிக்கின்சன் என்ற புதுப் பாடகரோடு மூன்றாவது ஆல்பம் வந்தது. இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. 1993இல் அவர் விலகினார். வந்தார் பிளேஸ் பெய்லி. கனத்த, தாழ்ந்த குரல். 1995இலும் 98இலும் இரண்டு ஆல்பங்கள். ரசிகர்கள் பலர் ஒப்பவில்லை. "பழைய ஆள் மாதிரி இல்லையே!" 1999இல் பழையவரே திரும்பி வந்தார்.

"பாத்தீங்களா, குரல்தானே ஜெயிச்சுது"ன்னு எதிரணி இப்போ துள்ளும். துள்ளாதீங்க! திரும்பி வந்தவர் என்ன செய்தார்? பெய்லி பாடிய பாட்டுகளையே மேடையில் எடுத்துப் பாடினார். 2001 ஜனவரியில் பிரேசில் நாட்டு ரியோவில் பாடினார். அது இசைத்தட்டாகவும் வந்தது. சோடை போன ஆல்பத்தின் பாட்டைக் கூட்டம் கூடவே சேர்ந்து பாடியது. பாடினவர் போனார், பாட்டு போகவில்லையே! 2007 மார்ச் 17ஆம் தேதி பெங்களூர் அரண்மனை மைதானத்திலேயே அந்தக் குழு வந்து பாடிவிட்டுப் போனது.

சரி, பெய்லி ஏன் தடுமாறினார்? உச்சத்தில் பாடுகிறவருக்காகக் கட்டிய பழைய பாட்டுகளை இந்தத் தாழ்ந்த குரலும் மேடையில் பாட வேண்டியிருந்தது. அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிட்டு, "தம்பிக்கு உடம்பு சரியில்லை"ன்னு சொல்லலாமா? அளவெடுத்துத் தைக்க வேண்டாமா? நம்ம ராஜா அளவெடுத்தார். வாசுதேவனுக்குக் கம்பங்கொல்லை, சித்ராவுக்குக் குயில்தோப்பு. குரலைத் தேர்ந்ததும் மெட்டின் வேலைதான்! (கைத்தட்டல்)

நம்ம வீடுகளையே பாருங்கள். புதுசா மருமகள் வருகிறாள். முதல் நாள் ரசத்தை வாயில் வைத்ததும், "எங்கம்மா ரசம் மாதிரி இல்லையே." அவள் எப்படி அய்யா உங்கம்மா மாதிரி வைப்பாள்? அவள் கைப்பக்குவம் வேறே. அவள் கையில் உங்கம்மா கையைத் தேடினால், இரண்டு ரசத்தையும் இழப்பீர்கள்! (தாய்மார்கள் பலத்த கைத்தட்டல்)

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? ஒரு காலமாற்றம் வாசலில் நிற்கிறது. 2024இல் 'லால் சலாம்' படத்தில், மறைந்த சாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவர் குரலையும் கணினியின் செயற்கை அறிவைக் கொண்டு பாட வைத்தார்கள். குடும்பத்தாரின் அனுமதியோடுதான் செய்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் மறைந்த பவதாரிணியின் குரலை, அவருடைய தம்பி யுவன் 'கோட்' படத்தில் அதேபோல் ஒலிக்கச் செய்தார். அக்காளை இழந்த தம்பியின் பாசம் அது. அதற்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் இது வழக்கமாகிவிட்டால்? நடுவர் அவர்களே, 1977இல் அந்தக் கருவி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தொண்டை கட்டிய எஸ்.பி.பி.யின் குரலைக் கருவியே பாடியிருக்கும். மலேசியா வாசுதேவன் வாசலோடு திரும்பியிருப்பார். அந்தக் கரகரப்பான கிராமத்துக் குரலை நாம் கேட்டே இருக்க மாட்டோம். எதை இழந்தோம் என்றுகூடத் தெரியாமல் இழந்திருப்போம்! (நீண்ட கைத்தட்டல்)

சிலப்பதிகாரத்தில் மேடை ஏறுகிறவள் மாதவி. ஆனால் அவளை ஏற்றுவதற்கு முன்னால் ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இலக்கணம் சொல்கிறார் இளங்கோவடிகள். மேடையில் தெரிவது ஒரு முகம். தாங்கி நிற்பது அந்தக் கட்டமைப்பு. அதுதான் மெட்டு.

இந்த இளையரசனேந்தல் பள்ளிக்கூடத்திலும் நாளைக்கு ஒரு பிள்ளை பாட எழுந்து நிற்கும். அதன் குரல் யாருடைய குரல் மாதிரியும் இருக்காது. அந்தப் பிள்ளையைப் பார்த்து "யார் மாதிரி பாடுவே?"ன்னு கேட்காதீர்கள். "நீ பாடு ராசா"ன்னு சொல்லுங்கள். குரல்கள் வரட்டும், மாறட்டும். மெட்டு இருக்கிற வரைக்கும் பாட்டு சாகாது. எனவே பாட்டு நெஞ்சில் நிலைப்பது மெட்டாலே, மெட்டாலே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.