லேபிள் எடுக்கும் கருவிக்கு நாமே குறிப்பு எழுதுவோம்

(கூட்டமைப்பின் விற்பனைக் குழுப் பயிற்சியில் பேசியது)



இன்னிக்கு நாம் பேசப்போவது பார்சல் மேல ஒட்டுகிற லேபிளைப் பற்றி. மசாலாப்பொடி, சிறுதானிய மாவு, பனை ஓலைக் கூடை என்று நம்ம பொருட்கள் வெளியூருக்குப் போகின்றன. ஆர்டர் வந்ததும் கணினியில் லேபிள் போடுகிறோம். போட்ட லேபிளைத் தேடி எடுத்துத் தரும் வேலையை ஏ.ஐ. உதவியாளரிடம் விடலாமா என்று கேட்கிறீர்கள். விடலாம். அதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

ஏ.ஐ. உதவியாளர் வேலை செய்ய அதன் கையில் கருவிகள் கொடுப்பார்கள். பழைய லேபிளை எடுக்க ஒன்று, புது லேபிள் போட ஒன்று, ரத்து செய்ய ஒன்று. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், என்ன செய்யும் என்ற குறிப்பு, என்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல் உண்டு. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது முறையிலும் கருவியை இப்படித்தான் எழுதுகிறார்கள். உதவியாளர் அந்தக் குறிப்பைப் படித்துத்தான் எந்தக் கருவியை எடுப்பது என்று முடிவு செய்யும்.

நம்ம தீர்மான நோட்டு மாதிரிதான் இது. கூட்டத்துக்கு வராத வங்கி மேலாளர், நோட்டில் இருப்பதைப் பார்த்துத்தான் கடன் கொடுக்கிறார். நாம் வாயால் பேசியது அவருக்குத் தெரியாது.

குறிப்பில் "லேபிள் கொடுக்கும்" என்று மட்டும் இருந்தால் என்ன ஆகும்? பிரிண்டரில் சிக்கி லேபிள் கிழிந்துபோச்சு. "அந்த லேபிளை மறுபடி கொடு" என்கிறோம். உதவியாளர் புது லேபிள் போடும் கருவியை எடுத்துவிட்டால், நாம் கட்டி வைத்த முன்பணத்தில் இன்னொரு தடவை பிடித்துவிடும். ஒரே பார்சலுக்கு இரண்டு எண் வந்துவிடும். போவது எல்லா உறுப்பினர்களின் பணம்.

ஆகவே குறிப்பில் இந்த ஐந்தும் இருக்க வேண்டும்.

1. செய்வதும் செய்யாததும்: "ஏற்கனவே போட்ட லேபிளை மட்டும் எடுத்துத் தரும். புது லேபிள் போடாது, பணம் பிடிக்காது, ரத்து செய்யாது."

2. எந்த எண்: ஆர்டர் எண் வேறு, லேபிள் எண் வேறு, பார்சல் எங்கே போகுது என்று பார்க்கும் எண் வேறு. ஸ்பீடு போஸ்ட் எண் 13 இடம் கொண்டது. முதலில் 2 ஆங்கில எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் ஐ.என். என்று இருக்கும். எது வேண்டும் என்று ஒரு மாதிரி எண்ணோடு எழுதுங்கள்.

3. என்ன வரும்: பி.டி.எப். கோப்பா, படமா? 4-க்கு 6 அங்குல லேபிள் பிரிண்டருக்கா, சாதா ஏ4 தாளுக்கா?

4. கிடைக்காவிட்டால்: எண் தப்பா இருக்கலாம், லேபிள் ரத்தாகி இருக்கலாம், இன்னும் போடாமலே இருக்கலாம். எதுவானாலும் "நிறுத்து, காரணத்தைச் சொல், உறுப்பினரைக் கேள்" என்று எழுதுங்கள்.

5. யாருக்குக் காட்டலாம்: லேபிளில் வாங்கியவரின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் இருக்கும். வாங்குகிறவரும் நம்மைப் போல ஒரு பெண்ணாக இருக்கலாம். அது வாட்ஸ்அப் குழுவில் சுற்றலாமா? இப்படிப்பட்ட விவரங்களைக் காக்கத்தான் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பேக்கிங் பொறுப்பில் இருப்பவருக்கு மட்டும் என்று எழுதுங்கள்.

"இதெல்லாம் கம்ப்யூட்டர் படிச்சவங்க வேலை இல்லையா?" என்று சிலர் கேட்டீர்கள். கருவியைச் செய்வது அவர்கள்தான். ஆனால் லேபிள் எப்போ கிழியும், எந்த எண்ணை எதோடு குழப்பிக்கொள்வோம், எந்த பிரிண்டரில் ஓரம் வெட்டுப்படும் என்பது பேக்கிங் செய்கிற உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் தமிழில் சொல்லுங்கள், எழுதிக் கொடுப்போம்.

எழுதியதைப் பேக்கிங் பக்கமே வராத ஒரு உறுப்பினரிடம் படித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத இடத்தைத் திருத்துங்கள். பிறகு ஒரு பழைய லேபிளைக் கேட்டுச் சோதியுங்கள். சோதனைக்கு முன்னும் பின்னும் முன்பண இருப்பைப் பாருங்கள். ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது.

இன்னொன்று. நல்ல குறிப்பு வழிகாட்டும், ஆனால் அது பூட்டு ஆகாது. வங்கியில் பணம் எடுக்க ஒருவர் கையெழுத்து போதாது என்று நாம் வைத்திருக்கிறோமே, அதே மாதிரி பணம் பிடிக்கிற கருவி எதுவும் ஒரு உறுப்பினர் "சரி" சொன்ன பிறகுதான் ஓட வேண்டும். கருவியைச் செய்து தருகிறவர்களிடம் இதை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

அடுத்த கூட்டத்தில் இந்த ஐந்து தலைப்பையும் வைத்து ஒவ்வொரு குழுவும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாங்க. சேர்த்துப் படித்து, தீர்மானமாகப் போட்டு, அப்புறம் வேலையை ஒப்படைப்போம்.