கண் போவது தலைவிதி அல்ல

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் தாயார் நாலு வருஷம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். நடவுக்கும் களையெடுப்புக்கும் முன்னால் நின்ற மனுஷி அவர். "வயசாச்சு, கண்ணு மங்கிப்போச்சு, அவ்வளவுதான்" என்றார். நாங்களும் அவ்வளவுதான் என்று விட்டுவிட்டோம். மாடு நொண்டினால் அன்றைக்கே வைத்தியனைத் தேடி ஓடுகிற வீட்டில், நாலு வருஷம்! கடைசியில் ஒரு முகாமுக்குக் கூட்டிப் போனோம். புரை என்றார்கள். ஆபரேஷனுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் கட்டை அவிழ்த்ததும் என்னைப் பார்த்து, "ஏண்டா, உனக்கு எப்ப இவ்வளவு நரை விழுந்தது?" என்று கேட்டார்.

அந்த நாலு வருஷத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

உலகத்தில் 220 கோடிப் பேருக்காவது ஏதோ ஒரு விதத்தில் பார்வைக் குறை உண்டு என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் கணக்குச் சொன்னது. அதில் 100 கோடிப் பேருடைய குறை தடுத்திருக்கக் கூடியது, அல்லது இன்னும் கவனிக்கப்படாமல் கிடப்பது. 2020-ல் பார்வையிழந்தவர்கள் சுமார் 4 கோடியே 30 லட்சம். அவர்களில் பத்துக்கு நாலு பேருக்குக் காரணம் புரை. என் தாயாருக்கு இருந்த அதே புரைதான். வைத்தியம் தெரியாத வியாதியா அது? 1949-லேயே லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற டாக்டர் கண்ணுக்குள் செயற்கை லென்ஸைப் பொருத்திக் காட்டிவிட்டார். ஆனால் அந்த லென்ஸ் வெகுகாலம் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. மதுரையில் 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 1992-ல் அங்கேயே லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் விலை இறங்கியது. பார்வையிழந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏன் என்று கேட்க வேண்டாம். என் வீட்டுத் திண்ணையை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு தேசத்துக் கதை கேளுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் வோல்டா நதிக்கரை நல்ல வளமான பூமி. ஆனால் ஜனங்கள் அதை விட்டுவிட்டு வறண்ட மேட்டுக்கு ஓடினார்கள். காரணம் ஒரு சின்னக் கறுப்பு ஈ. வேகமாக ஓடும் தண்ணீரில்தான் அது முட்டையிடும். அது கடித்தால் ஒரு புழு உடம்பில் புகும். பத்துப் பதினைந்து வருஷம் உள்ளேயே வாழும். அது ஈனும் குஞ்சுப் புழுக்கள் கண்ணுக்குள் போய்ச் செத்து, கண்ணைப் புண்ணாக்கும். சில கிராமங்களில் நாற்பது தாண்டிய ஆண்களில் பாதிப் பேர் பார்வையிழந்தார்கள். சிறுபிள்ளைகள் கோலைப் பிடித்து நடத்திப் போவார்கள். ஆற்றங்கரையில் நிலம் இருந்தும் உழ ஆளில்லை.

1974-ல் ஏழு நாடுகள் சேர்ந்து வேலையைத் தொடங்கின. ஹெலிகாப்டரில் போய் ஆறுகளில் மருந்து தெளித்து ஈயின் புழுக்களைக் கொன்றார்கள். பிறகு ஐவர்மெக்டின் என்ற மாத்திரை வந்தது. ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்தது. முதலில் கால்நடைக்குத்தான் கொடுத்தார்கள். 1987-ல் மருந்துக் கம்பெனி இதை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. நல்ல காரியந்தான். விற்றிருந்தாலும் வாங்க ஆளில்லை என்பது வேறு விஷயம்: வியாதி உள்ளவனிடம் காசில்லை, காசுள்ளவனுக்கு அந்த வியாதி இல்லை. 2002-ல் அந்தத் திட்டம் முடிந்தபோது விட்டுப்போன ஆற்றங்கரைகளில் மறுபடி ஏர் பூட்டியிருந்தார்கள். 2025-ல் நைஜர் நாடு, ஆப்பிரிக்காவிலேயே முதலாவதாக, இந்த நோயை ஒழித்ததாகச் சான்று பெற்றது.

இப்போது நம் வயலுக்கு வருவோம். அறுப்பில் நெல் தாள் கண்ணில் அடிக்கிறது. கருவிழியில் ஒரு சிராய்ப்பு. நாம் என்ன செய்கிறோம்? தாய்ப்பால் விடுகிறோம், விளக்கெண்ணெய் விடுகிறோம், நாக்கால் தூசி எடுக்கிறோம். இல்லாவிட்டால் கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்து. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு அடங்கும், வலியும் குறையும்; உள்ளே பூஞ்சைக் காளான் நிம்மதியாக வளரும். ஒரு வாரத்தில் கண்ணில் பூ விழுந்துவிடும். அப்புறம் சாகும் வரை அந்தக் கண் இல்லை. கூலி வேலைக்கு இரண்டு கண்ணும் வேண்டும், தோழர்களே.

நேபாளத்தில் பக்தபூர் பகுதியில் 1990-களில் கிராமத்துத் தொண்டர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். கண்ணில் சிராய்ப்பு என்று வந்தவர்களுக்கு அவர்களே கிருமியைக் கொல்லும் களிம்பு போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூடக் கண்ணில் புண் உண்டாகவில்லை. பெரிய ஆஸ்பத்திரி இல்லை, பெரிய டாக்டர் இல்லை. நேரம்தான் அங்கே கண்ணைக் காப்பாற்றியது. ஆகவே அறுப்பு சமயத்தில் கண்ணில் அடிபட்டால், "கூலி போய்விடுமே, நாளைக்குப் பார்ப்போம்" என்று இருக்காதீர்கள். அன்றைக்கே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த அரை நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

ஆலைத் தோழர்களுக்கும் ஒன்று உண்டு. நாற்பது வயதில் நூலிழை சரியாகத் தெரியாமல் போகிறதே, அது வெள்ளெழுத்து. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது தாண்டிய 751 தொழிலாளரை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்து 2018-ல் வெளியிட்டார்கள். சாதாரண மூக்குக் கண்ணாடி போட்டவர்கள், போடாதவர்களைவிட நூற்றுக்கு 22 பங்கு அளவுக்கு அதிகம் இலை பறித்தார்கள். அந்த 22 பங்கின் லாபம் யாருக்குப் போயிற்று என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கண்ணாடி போட்டவன் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் பாடப் புத்தகத்தையும் படிக்கலாமே! கண்ணாடி போட்டால் மேஸ்திரி கிழவன் என்று நிறுத்திவிடுவார் என்ற பயம் பலருக்கு உண்டு. அந்தப் பயத்தைச் சங்கத்தில்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் வருஷம் ஒரு முறை கண்ணின் உட்புறத்தைக் காட்டியே ஆக வேண்டும். கண்ணில் அழுத்தம் கூடும் வியாதியில் போன பார்வை திரும்பாது. பெரும்பாலும் வலியே இராது, ஒரு கண் மங்கினால் மறு கண் சமாளித்துக்கொள்ளும், நமக்குத் தெரியவே தெரியாது.

ஒரு சின்னக் காரியம் சொல்கிறேன். இன்று ராத்திரி விளக்கடியில் பத்திரிகையை எடுங்கள். இடது கண்ணைக் கையால் மூடி நாலு வரி படியுங்கள். பிறகு வலது கண்ணை மூடிப் படியுங்கள். எழுத்துத் தெரியாதவர்கள் எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர் படத்தைப் பாருங்கள். ஒரு கண்ணில் மட்டும் மங்கினாலும் இந்த வாரமே போய்க் காட்டுங்கள். உங்களுக்குப் பார்த்தபின், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவையும் கூப்பிட்டுப் பாருங்கள்.